மெனு கார்டைத் திறந்த மாலை

அண்ணே,

அறை மேசையில் தோல் அட்டை போட்ட மெனு கார்டு இருக்கிறது. இத்தனை வருஷம் இந்த ஓட்டலில் தங்கியும் இன்றைக்குத்தான் அதைத் திறக்கிறேன். நீங்கள் எங்கே திறக்கவிட்டீர்கள்!

திண்டுக்கல்லுக்கு நூல் வாங்க முதல் தடவை வந்தபோது கம்பெனி எனக்கு இங்கே அறை போட்டிருந்தது. தேக்குப் படிக்கட்டு, ஆளுயரக் குத்துவிளக்கு, தலைப்பாகை கட்டிய வாசல்காரர். நூல் ஏஜெண்டான நீங்கள் என்னைப் பார்க்க வந்தீர்கள். சுற்றிலும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, “தூங்குறதுக்கு ஓட்டலு சரி. திங்கிறதுக்கு நம்ம வீடு இருக்குல்ல?” என்றீர்கள். நான் வாயைத் திறப்பதற்குள் கவுண்டரில் போய், “சாருக்கு ராத்திரிச் சாப்பாடு வேணாம்ப்பா. இனி எப்ப வந்தாலும் வேணாம்” என்று சொல்லியாயிற்று. இவர் யார் என் சாப்பாட்டை முடிவு செய்ய என்று எனக்குக் கோபம்கூட வந்தது. வடமதுரையில் உங்கள் வீட்டில் மதினி வைத்த கத்தரிக்காய்க் குழம்பு இலையில் விழுந்ததும் அந்தக் கோபம் போன இடம் தெரியவில்லை.

சாப்பிட்டு எழுந்து, “கிளம்புறேன்” என்றேன். நிலைப்படியை மறித்துக்கொண்டீர்கள். “அதென்ன கிளம்புறேன், போறேன்னுக்கிட்டு? வாரேன்னு சொல்லுங்க.” இந்த மெட்ராஸ்காரன் வாயில் அது வரும்வரை விடவில்லை. பிறகு எனக்கு அதுவே பழகிவிட்டது. வீட்டில் இன்றும் கேலி செய்கிறார்கள்.

நீங்கள் போன செய்தி வந்தபோது நான் வெகுதூரத்தில் இருந்தேன், அடக்கத்துக்கு வர முடியவில்லை. இன்று காலைதான் துக்கம் கேட்கப் போனேன். வழியெல்லாம் பயம். ஏஜெண்ட் வேறொருவர் கிடைப்பார். உங்களோடு அந்த வீடும் எனக்கு இல்லாமல் போய்விட்டால்? நான் என்ன சொந்தமா, பந்தமா?

மதினி சுவரோரம் பாயில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் உறவுப் பெண்கள். ஓரமாக உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம் இருந்துவிட்டு எழுந்தேன். துக்க வீட்டில் சொல்லிக்கொள்ளாமல் வர வேண்டும் என்பது எனக்குத் தெரியாதா? ஆனால் நீங்கள் மறித்து நின்ற அதே நிலைப்படியில் கால் வைத்ததும் வாய் முந்திக்கொண்டது.

“வாரேன் மதினி.”

“அய்யய்யோ! என்னப்பா இது, எழவு வீட்டுல போய்ச் சொல்லிக்கிட்டு?” என்று ஒரு பெரியம்மா பதறினார். எனக்கு உடம்பே கூசிப்போயிற்று.

மதினி நிமிர்ந்து பார்த்தார். அழுது அழுது குரலே இல்லை. “விடுங்கத்தை. அவுக சொல்லிக்குடுத்தது, அப்படித்தான் வரும்” என்றவர் என்னைப் பார்த்து, “சொல்லிட்டீகள்ல தம்பி, வந்துரணும்” என்றார்.

கார் திண்டுக்கல் வந்து சேரும்வரை அழுதேன் அண்ணே. வெட்கமில்லாமல் அழுதேன்.

இப்போது இந்தப் பெரிய அறையில் நானும் மெனு கார்டும்தான். இரண்டு தோசை வரவழைத்தேன். தட்டைப் பளபளக்கும் வெள்ளிக் கிண்ணங்களோடு வைத்துவிட்டுப் போனார்கள். “இம்புட்டுத்தானா? இன்னொண்ணு வைங்க” என்று சொல்ல ஆளில்லை. பாதிக்கு மேல் இறங்கவில்லை.

காலையில் அறையைக் காலி செய்யும்போது கவுண்டரில் சொல்லிவிட்டுப் போக வேண்டும்: “அடுத்த தடவை எனக்கு ராத்திரிச் சாப்பாடு வேணாம்ப்பா.”

இனி அதை நான்தான் சொல்லிக்கொள்ள வேண்டும்.