மணிக்கட்டில் காக்கை, மீன், ஏணி

மிசிசிப்பி,
ஏப்ரல் 6, 1986.

அன்புள்ள மச்சான் எர்வினுக்கு,

லீமன் எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். நீ கடலுக்கு நடுவே எண்ணெய் மேடையில் சுகமாகத்தான் இருப்பாய். உன் குறட்டைக்குப் பக்கத்தில் படுத்திருக்கிற பாவப்பட்டவர்களை நினைத்தால்தான் எனக்குக் கவலை. நாலாம் வகுப்போடு நின்றவன் எழுத்து. பிழை இருந்தால் நீ மட்டும் சிரித்துக்கொள், தபால் கொண்டுவரும் ஹெலிகாப்டர்க்காரனுக்குப் படித்துக் காட்டாதே. இதை உன் ரேடியோ போனில் சொல்ல முடியாது. மேடையில் இருக்கிற அத்தனை காதும் கேட்கும்.

என் தங்கச்சி வில்லா மே மஞ்சள் தொப்பி ஒன்று வாங்கியிருக்கிறாள். அதன் விளிம்பில் இரண்டு கோழி குடித்தனம் நடத்தலாம். இந்த மாதக் கடைசியில் பெரிய பந்தாட்ட அணிக்காரர்கள் கல்லூரிப் பையன்களைப் பெயர் சொல்லி எடுக்கிறார்கள் அல்லவா, அந்த நாளுக்காம். உங்கள் மகன் கார்னெல் பெயர் வந்ததும் சபையில் எல்லோருக்கும் கெளுத்தி மீன் பொரித்துப் போடுவதாகப் போதகரிடம் வாக்குக் கொடுத்துவிட்டாள்.

அந்த அணிகளிலிருந்து ஆள் எடை போட வருகிறவர்கள் என்னிடமும் கேட்பார்கள், நாலு நல்ல வார்த்தை சொல் என்று போன கடிதத்தில் எழுதியிருந்தாய். கேட்டார்கள். பயிற்சியாளர் கூட்டிச் சொல்வார், பையன் மறைத்துச் சொல்வான், ஆனால் அவன் அழுக்குச் சட்டையைத் துவைத்து, தலைக்கவசத்துக்குப் பெயின்ட் அடிக்கிற என்னைப் போன்றவன் உள்ளதைச் சொல்வான் என்று அவர்களுக்கு ஒரு நம்பிக்கை. ஹாஸ்க்யூ என்று ஒரு வெள்ளைக்காரர் வந்தார். சந்தையில் கோவேறு கழுதை வாங்குகிறவர் மாதிரி கார்னெலின் கையை விரித்து அளந்தார், மணிக்கட்டை அளந்தார், நாற்பது கெஜம் ஓடவிட்டுக் கடிகாரத்தை அமுக்கினார். உன் மகன் ஓடினான் பார், அவர் கடிகாரத்தைத் தட்டிப் பார்த்துவிட்டு இன்னொரு தடவை ஓடச் சொன்னார்.

அப்புறம் என் அறைக்கு வந்து துணிக்கூடை மேல் உட்கார்ந்தார். குடிப்பானா, கோபம் வருமா, தோற்றால் எதையாவது விட்டெறிவானா என்று கேட்டார். "தங்கமான பையன் ஐயா. அவங்க அப்பனை மட்டும் பார்த்துடாதீங்க, அந்த மூஞ்சிக்கு இந்தப் பிள்ளையான்னு சந்தேகம் வந்துடும்" என்றேன். குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

அப்போதுதான் மேசைமேல் கிடந்த வெள்ளை ஒட்டுப்பட்டையைப் பார்த்தார். போன வருடக் கடைசி ஆட்டத்தில் கார்னெல் மணிக்கட்டிலிருந்து நான் உரித்துப் போட்டது. அதில் காக்கை, மீன், ஏணி என்று படம் இருக்கும். "இவ்ளோ தயார் பண்ணிக்கிட்டு வர்ற பையனை இருபது வருஷத்துல நான் பார்த்ததில்ல, லீமன். மூளைக்காரன்" என்று சொல்லித் தன் தாளில் எழுதிக்கொண்டார்.

மச்சான், அந்தப் படமெல்லாம் நான் வரைந்தது.

போன வருடத்துக்கு முந்தின அக்டோபரில் பந்தோடு ஓடிவந்தவனைக் கார்னெல் மறித்தானே, தலையும் தலையும் மோதி இவன் தலைக்கவசம் காதுவரை வெடித்ததே, அந்த ஆட்டம். எழுந்தவன் நேராக எதிரணிக்காரர்கள் உட்கார்ந்திருந்த பெஞ்சுக்கு நடந்து போனான். எல்லோரும் சிரித்தார்கள். "என்ன மாப்ளே, அங்க சம்பந்தம் பேசப் போறியா?" என்று கத்தியவன் நான்தான். மூக்கில் ஏதோ காரமான மருந்தைக் காட்டித் திரும்ப உள்ளே அனுப்பிவிட்டார்கள்.

அதற்கப்புறம் அவனுக்கு வார்த்தை நழுவ ஆரம்பித்தது. நடுவில் நிற்கிறவன் அவன்தானே. யார் பாய வேண்டும், யார் பின்வாங்க வேண்டும் என்று மற்ற பத்துப் பேருக்கும் கூவ வேண்டியவன். வாயைத் திறந்தால் ஒன்றும் வரவில்லை. "மாமா, யார்கிட்டயும் சொல்லாத" என்று என்னிடம் வந்தான். நான் பெரிய கெட்டிக்காரன் அல்லவா, பட்டையில் படம் போட்டு ஒட்டிவிட்டேன். காக்கை என்றால் பாய், மீன் என்றால் பின்வாங்கு, ஏணி என்றால் நின்ற இடத்திலேயே நில். ஜெயித்தோம். எனக்கும் பெருமை பிடிபடவில்லை. போன வருடம் ஒரு கை போதவில்லை, இரண்டு கையிலும் ஒட்டினேன்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் முழு உடுப்போடு மைதானத்துக்கு வந்து நின்றான். அன்றைக்கு ஆட்டமே கிடையாது, ஒரு ஈ காக்கை இல்லை. நான் கிண்டல் செய்தேன். எனக்கு அப்புறம்தான் அவன் சிரித்தான், நான் சிரிப்பதைப் பார்த்துவிட்டு.

அதனால் ஹாஸ்க்யூவிடம் உள்ளதைச் சொல்லிவிட்டேன். உன்னிடம் கேட்காமல் சொன்னது தப்புத்தான். தொடையில் தட்டிச் சிரித்தார். "நீ சாவு வீட்லயும் சிரிக்க வைக்கிற ஆளுன்னு சொல்லித்தான்யா அனுப்பினாங்க" என்றார். விளையாட்டில்லை ஐயா என்றேன். "மண்டையில அடி வாங்காத பயதான் வேணும்னா நான் சர்ச் பாட்டுக் கோஷ்டியிலதான் ஆள் தேடணும்" என்று சொல்லி என் தோளைத் தட்டிவிட்டுப் போய்விட்டார். அவர்களுடைய மருத்துவர் வந்து முட்டியை இரண்டு பக்கமும் மடக்கிப் பார்த்தார். தலைக்குள் மடக்கிப் பார்க்க என்ன இருக்கிறது?

பயிற்சியாளரிடம் போனேன். கதவைச் சாத்தச் சொன்னார், என்னை வெளியே விட்டு. வில்லா மேயிடம் மூன்று தடவை வாயெடுத்தேன். அவள் முகத்தைப் பார்த்ததும் ஏதோ ஒரு கிண்டல்தான் வெளியே வருகிறது. வாழ்க்கை முழுக்கச் சிரித்தே பேசினவன் ஒருநாள் நிஜம் பேசினால் எவனும் நம்பமாட்டான் என்று எனக்கு இப்போதுதான் தெரிகிறது. கார்னெலிடமே கேட்டேன், விட்டுவிடேன் மாப்ளே என்று. கோபப்படவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டான். "எனக்கு இன்னும் மறக்காம இருக்கிறது ஓடுறதும் மோதுறதும்தான் மாமா. அதையும் எடுத்துடாத" என்றான்.  

விடுப்பு கேட்டு, பெயர் சொல்லி எடுக்கிற அந்த நாளுக்கு முன்னால் வந்து சேர். ஒரு காலைச் சாப்பாட்டுக்கு அவன் எதிரில் உட்கார். பந்தாட்டத்தைப் பற்றிப் பேசாதே. நேற்று என்ன செய்தாய் என்று மட்டும் கேள். அவன் தடுமாறும்போது நீ எடுத்துக் கொடுத்துவிடாதே. நான் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன். அதற்குப் பிறகும் அவன் பெரிய அணிக்குப் போகட்டும் என்று நீ சொன்னால், நான் மறுபேச்சு பேசமாட்டேன். நீ அவன் அப்பன்.

கர்த்தர் உன் காலடியில் இருக்கிற இரும்பைக் கெட்டியாக வைத்திருக்கட்டும். அப்பா எப்போது வருவார் என்று கார்னெல் நேற்று கேட்டான், சொன்னேன். இன்று காலையில் நான் ஒரு கூடைத் துணி மடிப்பதற்குள் நாலு தடவை கேட்டுவிட்டான். நாலு தடவையும், சீக்கிரம் வந்துவிடுவார் என்று சொல்லியிருக்கிறேன்.

உன் மைத்துனன்,
லீமன் டக்கெட்