சமையலறையின் முப்பது விநாடி

அக்டோபர் 3
மழை. இன்னும் நாற்பது நிமிடப் படம் வெட்டித் தொகுக்கக் கிடக்கிறது. மனைவி தவறி விழுந்து மூழ்கிப்போன படகை நாள் தவறாமல் கழுவிக்கொண்டிருக்கும் ஒருவனின் கதை. யார் பார்க்கப் போகிறார்கள்? பெர்கன் நகரத்தில் பத்துப் பேர் வந்தால் அதிசயம். ஆனால் ஒலிப்பதிவு என் மகன் ஐவிந்த். அடம்பிடித்து இந்த வேலையை வாங்கினேன். அவன் போய் ஏழு மாதம்.

அக்டோபர் 9
கண்டுபிடித்துவிட்டேன்! படப்பிடிப்பில் எல்லோரையும் அசையாமல் நிற்கச் சொல்லி, அந்த இடத்தின் வெறும் அமைதியை முப்பது விநாடி பதிவு செய்வார்கள், வசனங்களுக்கு அடியில் போட. சமையலறைப் பதிவில் மைக்குக்குப் பக்கத்தில் ஒரு மூச்சு. மைக்கைப் பிடித்திருப்பவனின் மூச்சு. என் பிள்ளையின் மூச்சு.

அக்டோபர் 10
கேட்டேன். நாள் முழுக்க.

அக்டோபர் 17
எல்லாக் காட்சிக்கும் அதையே அடியில் போட்டுவிட்டேன். தப்புதான். தெரியும். என்ன இப்போ?

அக்டோபர் 24
இயக்குநர் சுனிவா பார்த்தாள். "டூரா, அவன் படகுத்துறையில நிக்கிறான், ஃப்ரிட்ஜ் ஓடுற சத்தம் கேக்குது. படகுக்குள்ள ஃப்ரிட்ஜ் வாங்கி வச்சிருக்கானா?" என்று சிரித்தாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. "எடுக்க மாட்டேன், போடி. அது ஐவிந்தோட மூச்சு" என்றேன். அவள் முகம் வெளுத்துவிட்டது. கோட்டை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

படத்தை வேறு ஆளிடம் கொடுத்துவிடுவாளோ? கொடுத்தால் இதுவும் போய்விடுமே.

அக்டோபர் 26
வந்தாள். கையில் பட்டை மணக்கும் பன். உட்காரவில்லை.

"ஐவிந்த் ஃப்ரிட்ஜை அணைக்காம பதிவு பண்ணுவானா, டூரா?"

மாட்டான். அணைத்துவிட்டுக் கார் சாவியை அதற்குள்ளேயே வைப்பான், மறுபடி போட மறக்கக் கூடாதென்று. எனக்கா தெரியாது?

"அன்னிக்கு மைக்கைப் பிடிச்சது நான். அது என் மூச்சு. அவன் வாசல்ல நின்னு உனக்கு போன் பண்ணிட்டிருந்தான். ஆட்டுக்கறிக்கு முட்டைக்கோசு எப்போ போடணும்னு கேக்கணுமாம். நீ எடுக்கல."

எடுக்கவில்லை. வேறொரு படத்தை வெட்டித் தொகுத்துக்கொண்டிருந்தேன். அப்புறம் பேசிக்கலாம்னு— ஐயோ, மறுநாளே மலைப்பாதைப் பனியில் கார் சறுக்கிப் போயிட்டியேடா. அப்புறம் எங்க பேசினோம்?

நவம்பர் 2
படகுத்துறைக்குப் படகுத்துறையின் அமைதி, தெருவுக்குத் தெருவின் அமைதி என்று மாற்றிப் போட்டேன். எல்லாம் அவனே பதிந்தவை. ஒன்றில்கூட மூச்சுச் சத்தம் இல்லை. முப்பது விநாடியும் அடக்கிக்கொண்டு நின்றிருக்கிறான், பாவி. அவ்வளவு சுத்தமான வேலை.

நவம்பர் 15
படத்தைக் கொடுத்தாச்சு.

நவம்பர் 28
புதுப் படம். நல்ல வேலை மும்முரத்தில் போன் அடித்தது. யாரென்று பார்க்கவில்லை, எல்லாவற்றையும் அப்படியே போட்டுவிட்டு எடுத்தேன். பல் மருத்துவரிடமிருந்து. செவ்வாய்க்கிழமை வரமுடியுமா என்று ஒரு பெண் கேட்டாள். வருகிறேன் என்றேன். அவள் வைத்த பிறகும் போனைக் காதிலேயே வைத்திருந்தேன்.