ஐந்து மணி நேரத்துக்கு எட்டு நாள் சாப்பாடு

ஜொஹரா,

நீ கோபித்துக்கொண்டு மஞ்சக்குப்பம் அக்கா வீட்டுக்குப் போய்விட்டாய். மெட்ராஸ் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது, கிளம்புகிறேன். சாவி பக்கத்து வீட்டு ராமாமிர்தத்திடம்.

"கப்பல்லயே போங்க மச்சான், வானத்துல போவ வேணாம்" என்று அழுதாய். சிங்கப்பூர் ஆயிரத்து எண்ணூறு மைல்தான். பிளேன் ஐந்து மணி நேரத்தில் போய்விடும். இறங்கியதும் தந்தி அடிக்கிறேன்.

நீயோ பழக்கத்தில் கப்பலுக்குக் கட்டுவதுபோல் எட்டு நாளைக்குக் கட்டிவைத்திருக்கிறாய்: கருவாடு, அதிரசம், ஜாடி நிறைய ஊறுகாய். பிளேனில் இருபது கிலோதான் விடுவார்களாம். கடைத் தராசில் நிறுத்தேன், ரொம்ப ஜாஸ்தி.

நஸ்ருதீன்

பி.கு.: பீரோவில் என் கோட்டும் ஆறு சட்டையும் இருக்கும். மறந்துவிட்டுப் போனதாக நினைக்காதே. சட்டை அங்கேயும் கிடைக்கும்.