பாலம் இருந்த இடம்

ஜூன் 4
ஞாயிறு முழுக்கத் தரையில் வரைபடம் விரித்துக் கிடந்தேன். கடையில் வாரம் முழுவதும் வரைபடங்களுக்குப் பிரதி எடுக்கும் பிழைப்பு. விடுமுறையிலும் அதே பைத்தியம். அக்கா புதிதாக வீடு கட்டியிருக்கும் மேட்டின் பழைய நிலப்படம் கிடைத்துவிட்டது. இன்று ஆளே இல்லாத ஓடைக்கரையில் அப்போது வரிசையாக வீடுகள். அடுத்த பதிப்பில் ஒன்றுகூட இல்லை. எங்கே போனார்கள் அத்தனை பேரும்?

ஜூன் 11
படத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டேன். அத்தான் வாசலிலேயே, "வாங்க மேப் மகாராணி! எங்க வீட்டுக்கு வழி தெரிஞ்சுதா?" என்றார். அக்காவின் இரண்டு பெண்களும் எனக்கு முன்னால் ஓடைக்கு ஓடினார்கள். அடித்தளக் கற்கள் அப்படியே இருக்கின்றன. ஒரு வீட்டுக்குள் துருப்பிடித்த இரும்புக் கட்டில். கட்டிலைக்கூட விட்டுவிட்டுப் போக அப்படி என்ன அவசரம்?

திரும்பியதும் அத்தான் பெருமையடித்தார்: "எவ்வளவு மழை பெஞ்சாலும் நம்ம முற்றத்துல சொட்டுத் தண்ணி நிக்காது." நல்ல மண் என்று நானும் தலையாட்டினேன்.

ஜூன் 13
பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். மேட்டில் ஒரு சின்ன வட்டம், பக்கத்தில் பொடி எழுத்தில் 'கைவிடப்பட்ட சுரங்கம்'. குழியை நிரப்பினார்களா, வாயை மட்டும் மூடினார்களா? படம் அதைச் சொல்லாது.

ஜூன் 14
பழைய படத்தின்மேல் புதியதை வைத்து வெளிச்சத்தில் பிடித்தேன். இரண்டிலும் பொதுவாக இருப்பது ஓடைப் பாலம் ஒன்றுதான், அதைப் பொருத்தினேன். வட்டம் வீட்டுக்கு மேற்கே, காலி நிலத்தில் விழுந்தது. அப்பாடா! உடனே அக்காவுக்குப் போன் போட்டேன். "பிள்ளைங்க மேற்கு அறையில வேண்டாம்க்கா. கிழக்குப் பக்கம் படுக்க வை. அங்க ஒண்ணும் பயமில்ல."

அன்றே கட்டிலை மாற்றிவிட்டார்களாம்.

ஜூன் 25
மழை. கிழக்கு அறைக் கதவு சாத்த வரமாட்டேன் என்கிறதாம். புது மரம், ஊறியிருக்கும் என்றேன். "நீ சொன்னா சரி" என்றாள் அக்கா.

ஜூலை 2
மறுபடியும் ஓடைக்குப் போனேன். பாலத்துக்குக் கிழக்கே புதரை விலக்கினால், தண்ணீருக்குள் இரண்டு கல் தூண்கள். மேலே ஒன்றுமில்லை. இங்கே எதற்குத் தூண் என்று நினைத்த மாத்திரத்தில் புரிந்துவிட்டது. பழைய பாலம் இதுதான். அது போன பிறகு, மேற்கே தள்ளிப் புதிதாகக் கட்டியிருக்கிறார்கள். நான் பொருத்தியது வேறு பாலத்தை. அப்படியானால் பழைய படத்தில் இருப்பதெல்லாம் கிழக்கே நகரவேண்டும். வட்டமும்தான். அந்த வட்டம் — ஐயோ, பிள்ளைங்க கட்டிலுக்கு அடியில.

அங்கிருந்தே அக்கா வீட்டுக்கு ஓடினேன். அத்தான் சிரித்தார். "அன்னிக்கு மேற்குன்ன, இன்னிக்குக் கிழக்குங்கற. அடுத்த வாரம் மொட்டை மாடிங்குவியா?" கெஞ்சினேன், கத்தினேன். அவர் மசியவில்லை. அக்கா மட்டும் என் முகத்தைப் பார்த்துவிட்டு மாற்றுத் துணி எடுத்து வைத்தாள். அவளும் பிள்ளைகளும் என்னோடு வந்துவிட்டார்கள்.

ஜூலை 3
மழை விடவில்லை. அத்தான் வேண்டுமென்றே கிழக்கு அறையில் போய்ப் படுத்தாராம். "உன் தங்கச்சிகிட்ட சொல்லு, ஜம்முனு தூங்கினேன்னு." அக்கா சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஜூலை 4
காலையிலிருந்து அத்தான் போன் எடுக்கல. எடுக்கவே இல்ல.

ஜூலை 6
கிழக்கு அறை இருந்த இடத்தில் பெரிய குழி. மீட்புக் குழு அதிகாரி என்னைக் கூப்பிட்டுக் கேட்டார்: "மேல கெட்டியான தரை எது? வண்டி எந்தப் பக்கமா வரலாம்?" படத்தைப் பார்த்துக் காட்டினேன். சரியாகத்தான் காட்டினேன், வண்டி புதையவில்லை. சாயங்காலம் அத்தானை மேலே கொண்டுவந்து துணி போர்த்தினார்கள். அக்கா என்னை நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்.

என் அறையில் படுக்கை விரித்தேன். பெரியவள் தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டு, படுக்காமல் நின்றாள்.

"சித்தி, நாங்க எந்தப் பக்கம் படுக்கணும்?"