மிளகு சொன்ன யோசனை

ஜனவரி 9

என் மிளகுக்கு,

உன் நெல்லிக்காய் எழுதுகிறேன். நலம் விசாரிப்பெல்லாம் அப்புறம். கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழித்து முழுகாமல் இருக்கிறேன்! போனில் சொன்னால் வீடே காதைத் தீட்டிக்கொண்டு நிற்கும், அதனால்தான் கடிதம்.

ஸ்கேன் அறை வாசலில் நம் தலைக்குள் இருக்கும் கட்டிகளுக்குப் பெயர் வைத்துச் சிரித்தோமே, உனக்கு மிளகளவு, எனக்கு நெல்லிக்காய் அளவு என்று? அந்த நெல்லிக்காய்தான் இப்போது படுத்துகிறது. "உங்க கட்டி கண் நரம்பை ஒட்டி நிக்குதும்மா. கட்டியைச் சுருக்குற மாத்திரையை என்னைக் கேக்காம நிறுத்திடாதீங்க. இதால குழந்தைக்குக் கெடுதல்னு இதுவரைக்கும் தெரியலை" என்கிறார் டாக்டரம்மா. தெரியலை என்றால் என்னடி அர்த்தம்? இல்லை என்று சொல்ல வேண்டியதுதானே? நீ பிள்ளை பெற்றவள், நீ சொல். மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு அழுகிறேன்.

உன் நெல்லி

ஜனவரி 16

அடி என் செல்ல நெல்லி,

பார்லரில் ஒரு அம்மாவின் தலையில் பாதிச் சாயம் பூசியபடியே கடிதத்தைப் பிரித்தேன். நான் குதித்த குதியில் மீதிச் சாயம் அவர் காதில்!

மாத்திரை விஷயத்தில் என்னடி யோசனை? எனக்கு நாள் தள்ளியதுமே என் டாக்டர் நிறுத்தச் சொன்னார், நிறுத்தினேன். ஒன்றும் ஆகவில்லை. என் குட்டி இப்போது வீட்டையே இரண்டாக்குகிறாள். அதே மாத்திரை, அதே வியாதி. வயிற்றில் பிள்ளையை வைத்துக்கொண்டு எவளாவது கண்டதை விழுங்குவாளா? தூக்கிப் போடு.

உன் மிளகு

பிப்ரவரி 24

மிளகுக் கண்ணே,

நீ சொன்னபடி அன்றைக்கே நிறுத்திவிட்டேன். மனசு லேசாகிவிட்டது. டாக்டரம்மாவிடம் போடுகிறேன் என்று பொய் சொல்கிறேன். கண் பரிசோதனைக்குப் போகவில்லை, போனால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

இன்றைக்கு ஒரு கூத்து. நான் ஓட்டுகிற பள்ளிக்கூட வேனைக் கேட் தூணில் உரசிவிட்டேன். இத்தனை வருஷ ஓட்டத்தில் ஒரு கீறல் உண்டா? பக்கத்தில் தூண் இருந்ததே தெரியவில்லை. "ஆன்ட்டி தூங்கிட்டாங்க!" என்று வாண்டுகள் ஒரே கூச்சல். தலைவலியும் மண்டையைப் பிளக்கிறது. மசக்கைதானே? உனக்கும் இப்படி இருந்ததா?

உன் நெல்லி

மார்ச் 3

நெல்லி, உடனே ஆஸ்பத்திரிக்குப் போ. இதைப் படித்து முடிக்காமலே போ.

உன் கடிதத்தை என் டாக்டரிடம் காட்டினேன். நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். "உங்களுக்குச் சொன்னது உங்களுக்கு மட்டும்மா! அவங்களுது பெரிய கட்டி. மாத்திரையை விட்டா வளரும், கண்ணு போயிடும்" என்று கத்தினார்.

வெளியே வந்ததும் உனக்குப் போன் போட்டேன். உன் வீட்டுக்காரர் எடுத்து "யாருங்க?" என்றார். நிறுத்தச் சொன்னதே நான்தான் என்று அவரிடம் எப்படியடி சொல்வேன், வைத்துவிட்டேன். மறுபடி போடத் தைரியம் இல்லை. கூரியரில் அனுப்புகிறேன், நாளைக்கே கிடைத்துவிடும். கிடைத்துவிடும்தானே?

மிளகு

மார்ச் 29

மிளகுக்கு,

நான் சொல்லச் சொல்ல வார்டு நர்ஸ் அக்கா எழுதுகிறார்.

மார்ச் நான்காம் தேதி காலை கண் விழித்ததும், லைட்டைப் போடாமல் என்ன செய்கிறீர்கள் என்று என் வீட்டுக்காரரைத் திட்டினேன். ஜன்னல் திறந்திருந்ததாம், நல்ல வெயிலாம். கட்டிக்குள் ரத்தம் கசிந்துவிட்டது. ஆபரேஷன் செய்தார்கள். இனிப் பார்வை வராது என்று சொல்லிவிட்டார்கள். குழந்தை நன்றாக இருக்கிறது. மாத்திரை போட்டிருந்தாலும் நன்றாகத்தான் இருந்திருக்குமாம்.

உன் கூரியரை அவர் கட்டிலுக்கே கொண்டுவந்தார். "பிரிச்சுப் படிக்கட்டுமா?" என்றார். பிடுங்கித் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டேன். அவர் போனபிறகு நர்ஸ் அக்கா படித்தார். கிழித்துப் போடச் சொல்லிவிட்டேன்.

நானாகத்தான் நிறுத்தினேன் என்று எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். அவர் நம்பிவிட்டார். என்னோடு பேசுவதில்லை, வேளாவேளைக்குச் சோறு மட்டும் ஊட்டிவிடுகிறார்.

உன்மேல் கோபமா என்றால், ஆமாம். அன்றைக்கு அவர் போனை எடுத்ததும் நீ துண்டித்திருக்கக் கூடாது. ஆனாலும் உன்னைக் காட்டிக்கொடுக்க எனக்கு மனசு வரவில்லை.

அதனால் இனி எழுதாதே. நீ அழுவாய், மன்னிப்புக் கேட்டுப் பக்கம் பக்கமாக எழுதுவாய், எனக்குத் தெரியும். நான் வீட்டுக்குப் போனபிறகு அதையெல்லாம் என் பக்கத்தில் உட்கார்ந்து எனக்குப் படித்துக் காட்டப்போவது அவர்தான்.

நெல்லி
(கையெழுத்து மட்டும் நான் போட்டது. கோணலாக இருந்தால் கண்டுகொள்ளாதே.)