ஜெனியின் தூரக்கருவியும் உங்கள் தென்னையும்

என் பிள்ளைகளின் அப்பாவுக்கு,

உங்களிடம் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். அதற்கு முன் வீட்டுச் சேதி.

பெரியவன் மகள் ஜெனி, நீங்கள் கோல்ப் பைகளைச் சுமந்து நடந்த அதே திருவனந்தபுரத்து மைதானத்தில் இப்போது மட்டை பிடித்து ஆடுகிறாள். பை சுமக்கிறவருக்கு அங்கே 'கேடி' என்று பெயர். 'கேடி வேலை கிடைச்சிருக்கு' என்று நீங்கள் வந்து சொன்னதும், கள்ளனுக்கா பெண் கொடுத்தோம் என்று என் அப்பா இரண்டு நாள் யாரிடமும் பேசவில்லையே, ஞாபகம் இருக்கிறதா?

துபாயிலிருந்து சின்னவன் அவளுக்கு ஒரு கருவி அனுப்பினான். கண்ணில் வைத்து அமுக்கினால், குழியில் நட்ட கொடி எவ்வளவு தூரம் என்று எண்ணில் காட்டும். போன மாதப் போட்டியில் 137 என்று காட்டியது. அதை நம்பி அடித்தாள். பந்து கொடிக்கு முன்னால் உள்ள குளத்தில் விழுந்தது. தோற்றுவிட்டாள்.

போனில் ஒரே அழுகை. "இத கடல்ல எறியப் போறேன் பாட்டி. இனி ஆடவும் மாட்டேன்."

"ஏட்டி, அந்த 137 கஜமா, மீட்டரா?"

கருவியைத் திருப்பிப் பார்த்து, "மீட்டரு" என்றாள். மைதானத்துக் கணக்கு கஜம்; கருவி காட்டியது மீட்டர். மீட்டர் கஜத்தைவிட நீளம்; கஜமென்று அடித்ததால் பந்து எட்டவில்லை. துணி எடுத்துத் தைத்தவளுக்கு இது தெரியாதா? ஐந்தாம் வகுப்புப் படிப்பு அவ்வளவு மோசமில்லை.

அப்படியும் அவள் ஆறவில்லை; உங்களை இழுத்தாள். "பாட்டா கருவி இல்லாமலே சொல்லுவாருல்லா. ஒருநாளும் தப்பினதில்லன்னு அப்பா சொல்லுவாரு."

அப்போதுதான் உங்கள் ரகசியத்தைச் சொல்லிவிட்டேன்.

நம் மீன்பிடி ஊரான இனயத்தில் கோயில் கோபுரத்தையும் மலையையும் நேர் வைத்துக் கடலில் இடம் பிடிக்கிற கணிச்சத்தை, நீங்கள் புல்வெளிக்குக் கொண்டுபோனீர்கள். குளக்கரைத் தென்னையை வைத்தே தூரம் சொன்னீர்கள். ஒரு நாள் அதை வெட்டிவிட்டார்கள். கிட்டே நின்ற வேறொரு தென்னையை அதுவென்று நினைத்து நீங்கள் தூரத்தைக் குறைத்துச் சொல்ல, நீங்கள் பை சுமந்த துரையின் பந்து தண்ணீருக்குள் போனது. அன்று சோற்றைப் பிசைந்தபடியே இருந்தீர்கள். "ஆர்ட்டயும் சொல்லாத" என்றீர்கள். உங்களை அடக்கம் செய்த பிறகும் நான் வாய் திறக்கவில்லை.

ஜெனியின் அழுகை நின்றது. பிறகு சிரித்தாள். "அப்பம் பாட்டாக்கும் ஒரு கருவி இருந்துருக்கு. மரமாட்டு நின்னுருக்கு."

என்மேல் கோபமா? தப்பே செய்யாதவர் என்று உங்களை நினைத்திருந்தால், தன் ஒரு தப்புக்கே அவள் மட்டையைக் கீழே போட்டிருப்பாள்.

இப்போது முதலில் கண்ணால் பார்த்து ஒரு எண்ணைச் சொல்கிறாள். பிறகுதான் கருவியை எடுக்கிறாள். இரண்டும் ஒத்துவராவிட்டால் மறுபடி பார்க்கிறாள். காற்றை அது சொல்லாது; அதற்குப் புல்லைக் கிள்ளிப் பறக்கவிட்டுப் பார்க்கிறாள், உங்களைப் போலவே.

அடுத்த போட்டிக்கு நானும் போவேன். உங்கள் தென்னை நின்ற இடத்தைக் கேட்டு, அவளுக்கு அடையாளமாக அங்கே நிற்பேன். பந்து பட்டால் படட்டும். அவள் அடித்து முடிக்கும்வரை அசைய மாட்டேன்.

உங்கள் வீட்டுக்காரி,
ஜெனியின் பாட்டி