உன் ஓட்டு பதிவாகிவிட்டது

ஞாயிறு, மதியம்

அன்புள்ள பெரியவனுக்கு,

அம்மா எழுதுகிறேன். இடுப்பைத் தவிர உடம்புக்கு ஒன்றுமில்லை. அப்பாவும் நலம், அவருக்கென்ன, பாடுபடுகிறவள் நான்தானே. போனில் சொன்னால் சரிம்மா சரிம்மா என்று வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். முழுசாகப் படி.

இந்தத் தேர்தலில் பள்ளிக்கூடத்து வாக்குச்சாவடியில் என்னைக் கட்சி முகவராக உட்காரவைத்தார்கள். தெருவில் பாதிப் பேருக்கு அளவெடுத்துத் தைத்தவள், வேறு ஆள் பெயரில் எவனாவது வந்தால் தோளைப் பார்த்தே சொல்லிவிடுவாய் என்று கட்சிச் செயலாளர் வீடு தேடி வந்து கெஞ்சினார். தையல் மெஷினை மூடிவைத்துவிட்டுப் போனேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

விதிகளைக் கேட்டால் உனக்கே தலை சுற்றும். விடிவதற்குள் போய், பெட்டி காலியா என்று பார்த்து முத்திரையில் கையெழுத்துப் போட வேண்டும். செல்போன் கூடாது. ஓட்டுப் போட வருகிறவரிடம் பேசக் கூடாது, தெரிந்தவள் ஆயிற்றே என்று சிரித்தாலும் முறைக்கிறார்கள். பட்டியலை வெளியே கொண்டுபோகக் கூடாது. எதிர்க்கட்சி முகவராக வந்தவர் மருந்துக்கடை சோடாபுட்டி. நான் தண்ணீர் குடிக்க எழுந்தால்கூட அந்த மனுஷன் அதிகாரியிடம் புகார் சொன்னார். உட்கார ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளின் பெஞ்சு. இடுப்பு போனது அதில்தான்.

முக்கியமான விதி ஒன்று இருக்கிறது. அதிகாரி பெயரை உரக்கப் படிப்பார். வந்தவர் அந்த ஆள் இல்லை என்றால், விரலில் மை வைப்பதற்குள் நாம் எழுந்து சொல்ல வேண்டும். மை வைத்த பிறகு தொண்டை கிழியக் கத்தினாலும் பிரயோஜனமில்லை.

இதற்காகவே முந்தின வாரம் பட்டியலில் செத்தவர், வீடு மாறியவர், ஊரில் இல்லாதவர் என்று குறித்துக் கொடுக்கச் சொன்னார்கள். பட்டியலில் நம் வீட்டுப் பெயர்கள் வந்ததும் உன் அப்பா பேனாவைப் பிடுங்கிக்கொண்டார். அவன் என்ன ஓடியா போயிட்டான், வருவான், எழுதாதே என்று ஒரே பிடிவாதம். ஏழு வருஷமாக வராதவனை ஊரில் இல்லை என்று எழுதாமல் வேறென்ன எழுதுவது? சொல்லிச் சொல்லி என் வாய்தான் வலித்தது. கடைசியில் உன் பெயருக்கு நேரே ஒன்றும் எழுதாமல் கொடுத்தேன்.

எவனோ அதை மோப்பம் பிடித்துவிட்டான். மூன்று மணி இருக்கும், அதிகாரி உன் பெயரைப் படித்தார். அப்பா பெயரோடு சேர்த்து, நிறுத்தி நிதானமாகப் படித்தார். மை வைத்தார்கள், வந்தவன் ஓட்டுப் போட்டான், போய்விட்டான். உன்னைவிட ஒரு ஜாண் குட்டை. அவன் முதுகைப் பார்த்த பிறகுதான் நான் எழுந்தேன். நேரம் கடந்துவிட்டது என்று அதிகாரி கையை விரித்துவிட்டார்.

நேற்று செயலாளர் நம் வாசலில் நின்று தெருவே கேட்கக் கத்தினார். பெத்த பிள்ளை பேரில் கள்ள ஓட்டு விழுது, குத்துக்கல் மாதிரி உட்கார்ந்திருந்தியா, எவ்வளவுக்கு விலை போனே என்று கேட்டார். இத்தனை வருஷத்தில் ஒரு முழத் துணி திருடினேன் என்று யாரும் என்னைச் சொன்னதில்லை. காதில் விழவில்லை என்று சொல்லிவிட்டேன். அப்பாவிடமும் அதையேதான் சொன்னேன்.

உனக்கு மட்டும் சொல்கிறேன். நன்றாகவே விழுந்தது. உன் பெயரைக் கேட்டதும் நான் மேஜைப் பக்கம் பார்க்கவில்லையடா, வாசலைப் பார்த்தேன். சொல்லாமல் கொள்ளாமல் வந்துவிட்டாயோ என்று வரிசையில் ஒவ்வொரு முகமாகத் தேடினேன். நீ இல்லை என்று புரிவதற்குள் மை வைத்து முடித்துவிட்டார்கள்.

இந்த மாதக் கடைசியில் பட்டியலைத் திருத்துகிறார்கள். இல்லாதவர் பெயரை நீக்க வீட்டில் ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும். அப்பா செத்தாலும் போடமாட்டார். நான் போடத்தான் போகிறேன். இன்னொரு தடவை அந்தப் பெயரை அங்கே உட்கார்ந்து கேட்க என்னால் ஆகாது.

மாதம் முடிய இன்னும் பதினெட்டு நாள் இருக்கிறது. அதற்குள் ஒரு நடை வந்துவிட்டுப் போடா.

நேரத்துக்குச் சாப்பிடு. எங்கிருந்தாலும் நன்றாக இரு.

உன் அம்மா